பொம்பொம் என்றால் குஞ்சமா, பீரங்கியா? இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

இரண்டும்தான். ஆனால் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு வேறு வழியால் வந்து ஒரே ஓசையில் சேர்ந்துவிட்ட இரண்டு சொற்கள் இவை. தமிழில் ஓடுகிற ஆறும் எண்ணுகிற ஆறும் இருப்பதைப் போல.

எனக்கு முதலில் தெரியவந்தது பீரங்கி. அம்மப்பா இங்கே திருகோணமலையில், வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்ட கதையை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அந்தக் கதைக்கு நடுவில்தான், துறைமுகத்துக்கு வந்துபோன போர்க்கப்பல்களில் இருந்த பொம்பொம் பீரங்கியைப் பற்றியும் சொல்லுவார். "பொம் பொம் பொம் பொம் எண்டு விடாமல் அடிக்கும் பிள்ளை, நெஞ்சுக்குள்ள இடிக்கிற மாதிரி இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே சாய்மனைக் கதிரையின் கைப்பிடியில் உள்ளங்கையால் தட்டிக் காட்டுவார். எங்களுக்கு விளங்கட்டும் என்று அவரே வைத்த பெயர் என்றுதான் பல காலம் நினைத்திருந்தேன்.

அது உலகமே வைத்த பெயர். 1899இல் தென்னாபிரிக்காவில் தொடங்கிய போவர் போரில், அங்கே குடியேறியிருந்த டச்சு வம்சாவளியினரான போவர்கள் 37 மில்லிமீற்றர் மாக்சிம் பீரங்கியால் பிரித்தானியப் படையை அடித்தார்கள். ஒவ்வொரு குண்டும் ஏறக்குறைய ஒரு இறாத்தல், நாங்கள் பாண் வாங்குகிற அதே இறாத்தல். அது ஒன்றன்பின் ஒன்றாக வெடித்த சத்தமே பெயராகிவிட்டது. பிறகு பிரித்தானியக் கடற்படை விமானங்களைச் சுடுவதற்கு 40 மில்லிமீற்றர், இரண்டு இறாத்தல் பீரங்கியைக் கப்பல்களில் பூட்டியபோது பழைய பெயர் அதற்கும் போனது. எட்டுக் குழல்களை ஒரே தாங்கியில் பூட்டியதும் உண்டு. 'சடசட', 'படபட' என்று நாம் சொல்வதைப் போல, காதில் விழுந்தது அப்படியே பெயரான சொல் இது.

குஞ்சத்தின் வரலாறு வேறு. அது பிரெஞ்சு மொழியின் 'பொம்போன்'. 18ஆம் நூற்றாண்டில் பெண்கள் தலையில் செருகிக்கொண்ட ரிபன், இறகு அலங்காரத்தின் பெயராக ஆங்கிலத்துக்குள் வந்தது. நெப்போலியன் காலத்துப் படைவீரர்களின் உயரத் தொப்பியில் இந்த உருண்டை இருந்தது. எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதை அதன் நிறத்தைப் பார்த்தே சொல்லலாம். பிரெஞ்சு மாலுமியின் தொப்பியில் இன்றைக்கும் சிவப்பு உருண்டை உண்டு. அதைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது அங்கே ஒரு நம்பிக்கை. ஆங்கிலேயர் வாயில் 'போன்' மெல்ல மெல்லப் 'பொம்' ஆயிற்று. சிறிய உருண்டைப் பூப் பூக்கும் டாலியா வகைக்கு மட்டும் பழைய 'பொம்போன்' அப்படியே நிற்கிறது.

விளையாட்டுப் போட்டிகளில் உற்சாகமூட்டும் பெண்கள் கையில் பிடித்து ஆட்டும் பொம்பொம் இந்த இரண்டாவது வழியில் வந்ததுதான். அமெரிக்காவில் லோரன்ஸ் ஹெர்கிமர் என்பவர், பிடி வெளியே தெரியாதபடி நாடாக்களுக்குள் மறைந்திருக்கும் வடிவத்துக்கு 1971இல் காப்புரிமை பெற்றார். முதலில் எல்லாம் கடதாசிதான், பிளாஸ்டிக் பிறகு வந்தது. ஏன் மாற்றினார்கள் என்பதை நான் கண்ணாலேயே கண்டேன். மகளின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு, உடற்பயிற்சிக் கண்காட்சியில் ஆட்டுவதற்காகச் சிவப்புக் கடதாசியில் இரண்டு செய்து கொடுத்திருந்தேன். மத்தியான வெயிலில் பிள்ளையின் கை வியர்த்துச் சாயம் இறங்கி, வெள்ளைச் சட்டையின் வயிற்றுப் பக்கம் முழுக்க ரோசா நிறம். அடுத்த வருடம் வூல் நூலுக்கு மாறினேன். நடுவில் துளை வைத்த இரண்டு மட்டை வட்டங்களை ஒன்றாகப் பிடித்து, துளை அடையும்வரை நூலைச் சுற்ற வேண்டும். விளிம்பைக் கத்தரித்து, இரண்டு மட்டைக்கும் நடுவில் நூலை விட்டு இறுக்கிக் கட்டி மட்டையை உருவினால், அதுவரை தட்டையாகக் கிடந்தது பொசுக்கென்று உருண்டையாக விரியும். சுற்றும்போது கஞ்சத்தனம் பார்த்தால் உருண்டை சொட்டையாகிவிடும்.

அன்றைக்கு மகள் கேட்டாள், "அம்மா, இதுக்குத் தமிழில பேர் இல்லையா?" பெட்டியில் இருந்த அம்மம்மாவின் சடைக்குஞ்சத்தை எடுத்துக் கொடுத்தேன். கறுப்பு நூலில் தொங்குகிற மூன்று உருண்டைகள். தன் கையிலிருந்த வூல் உருண்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் இது எங்கட வீட்டிலயே இருந்திருக்கு" என்றாள். அதனால் தொப்பியில் இருப்பதை நான் குஞ்சம் என்றே எழுதுவேன். பீரங்கியை மட்டும் அம்மப்பா சொன்னபடி பொம்பொம் என்று விட்டுவிடுவேன்.