பழையதை ஒரு மாதம் தொடாதீர்கள்: எஸ்.எஸ்.டி. மாற்றம் பற்றிய கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. லேப்டாப்பின் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும், சிப்பில் சேமிக்கும் டிரைவ்) நிரம்பிவிட்டது, 1 டி.பி. வாங்கியாயிற்று அல்லது வாங்கப் போகிறேன், விண்டோஸை அப்படியே அதற்கு மாற்ற வேண்டும். ஒரே பதிலைத் தனித்தனியாக எழுதுவதைவிட இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் லேப்டாப்புக்கு எந்த 1 டி.பி. எஸ்.எஸ்.டி. பொருந்தும்?

எந்த லேப்டாப் என்று நீங்கள் எழுதவில்லை. அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. அது தெரியாமல் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மூடியைத் திறந்து, உள்ளே எம்.2 என்ற வடிவத்தில் மெல்லிய பலகையாக இருக்கும் எஸ்.எஸ்.டி.யின் மேல் 2280, 2242, 2230 இவற்றில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் அகலம், அடுத்த இரண்டு நீளம், இரண்டுமே மில்லிமீட்டரில். பிறகு, அந்த ஸ்லாட் வேகமான புதிய இணைப்பு முறையான என்.வி.எம்.இ.யை ஏற்குமா, பழைய முறையான சாட்டாவை மட்டும் ஏற்குமா என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். உருவம் ஒன்றுபோல் இருந்தாலும், ஒன்றை மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் மற்றொன்று வேலை செய்யாது. சில மெல்லிய மாடல்களில் சேமிப்புச் சிப்பையே மதர்போர்டில் பற்றவைத்திருப்பார்கள். உங்களுடையது அந்த வகை என்றால் புதிய எஸ்.எஸ்.டி.க்கு வேலையே இல்லை.

கேள்வி: 1 டி.பி. வாங்கினேன், விண்டோஸ் 931 ஜி.பி. என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றப்பட்டேனா?

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. 256 என்பது 238 ஆகவும், 500 என்பது 465 ஆகவும் காட்டும். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

கேள்வி: குளோன் செய்வது நல்லதா, விண்டோஸைப் புதிதாக நிறுவுவது நல்லதா?

இப்போதுள்ள விண்டோஸ் தொல்லையில்லாமல் ஓடுகிறது என்றால் குளோன், அதாவது பழைய டிரைவை அப்படியே புதியதன் மேல் நகலெடுப்பது. ஏற்கெனவே திணறுகிறது, அல்லது பழைய டிரைவிலேயே படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன என்றால் புதிதாக நிறுவுவதே நல்லது. குளோன் நோயையும் சேர்த்தே நகலெடுக்கும். உரிமம் போய்விடுமோ என்று கேட்டவர்களுக்கு: விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டைச் சார்ந்தது. எஸ்.எஸ்.டி.யை மாற்றினால் அது போகாது. எந்த வழியில் சென்றாலும் உங்கள் கோப்புகளின் நகல் ஒன்று, இவ்விரண்டு டிரைவுகளுக்கும் வெளியே மூன்றாவது ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: குளோன் நாற்பதே நொடியில் முடிந்தது. புதிய டிரைவைப் பொருத்தினால் விண்டோஸ் வரவில்லை. பழையதைத் திரும்பப் பொருத்தினால் அதிலும் 'நியூ வால்யூம்' என்று ஒன்று மட்டும் காலியாக இருக்கிறது. எங்கே தவறு?

திசையில்தான் தவறு. கடையில் ஃபார்மேட் செய்து கொடுத்த காலி டிரைவை மூலமாகவும், உங்கள் விண்டோஸும் கோப்புகளும் இருந்த டிரைவை இலக்காகவும் தேர்ந்தெடுத்து, வெறுமையை நிறைவின் மேல் எழுதியிருக்கிறீர்கள். நாற்பது நொடி என்பதே உங்களை எச்சரித்திருக்க வேண்டும். 200 ஜி.பி. தரவு யூ.எஸ்.பி. பெட்டி (டிரைவை வெளியிலிருந்து இணைக்கும் உறை) வழியாகப் போக, எல்லாம் சரியாக அமைந்தாலும் எட்டு, பத்து நிமிடமாவது ஆகும். நடைமுறையில் அரை மணி நேரம்கூட ஆகும். நகலெடுக்க ஒன்றும் இல்லாததால்தான் அவ்வளவு வேகம்.

இதைப் பற்றி நான் சற்று நீட்டியே எழுதப் போகிறேன், ஏனென்றால் இதே தவறைச் சொல்லும் கடிதம் மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது, ஒவ்வொன்றும் 'மென்பொருள் சரியில்லை' என்றே தொடங்குகிறது. மென்பொருளின் மேல் பிழை இல்லை. குளோன் செய்யும் இலவச மென்பொருளான குளோன்சில்லா, எழுதத் தொடங்கும் முன், இலக்கு டிரைவில் உள்ளதெல்லாம் அழியும் என்று இரண்டு முறை நிறுத்திக் கேட்கிறது. இரண்டு முறையும் நாம்தான் படிக்காமல் 'ஒய்' தட்டுகிறோம். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்களையோ, பட்டியலில் எது முதலில் நிற்கிறது என்பதையோ நம்பக் கூடாது. மறுமுறை இயக்கும்போது அவை இடம் மாறலாம். கொள்ளளவைப் பாருங்கள். 238 இருக்கும் பக்கத்திலிருந்து 931 இருக்கும் பக்கத்துக்குத் தரவு போக வேண்டும். குளோன்சில்லாவில் என்றால், லேப்டாப்புக்குள் இருக்கும் என்.வி.எம்.இ. டிரைவின் பெயர் 'என்.வி.எம்.இ.' என்றே தொடங்கும், யூ.எஸ்.பி.யில் செருகியது 'எஸ்.டி.ஏ.' அல்லது 'எஸ்.டி.பி.' என்பதுபோல் வரும்.

அறிவுரை சொல்லும் நானும் ஒருமுறை இதில் விழுந்தவன்தான். நண்பர் ஒருவரின் கணினியில் 500 ஜி.பி. டிரைவ் பழுதாகத் தொடங்கியது. அதே நிறுவனத்தின் அதே 500 ஜி.பி. டிரைவையே புதிதாக வாங்கியிருந்தார். கொள்ளளவும் ஒன்று, பெயரும் ஒன்று. மேலே இருப்பது பழையது என்று நானாக முடிவு செய்தேன். அவருடைய மூன்று வருடக் கணக்குக் கோப்புகள் போயின. வேறு நகல் இல்லை. அன்றிலிருந்து, வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு டிரைவின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தைக் காகித டேப்பில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, யூ.எஸ்.பி. பெட்டியின் மேல் ஒன்றும் லேப்டாப் மூடியின் மேல் ஒன்றுமாக ஒட்டுகிறேன். திரையில் தெரியும் சீரியல் எண்ணோடு அதை ஒப்பிட்ட பிறகே விசையைத் தொடுகிறேன்.

உங்கள் நிலைமைக்கு: பழைய டிரைவில் இனி ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள், அதில் விண்டோஸைப் புதிதாக நிறுவிப் பார்க்காதீர்கள். வேறொரு கணினியில் இணைத்து, டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவியால் தொலைந்த பார்ட்டிஷன்களை (டிரைவின் பிரிவுகளை) தேடலாம். எழுதும் முன் மென்பொருள் டிரிம் கட்டளை (பழைய தரவு இனி தேவையில்லை என்று எஸ்.எஸ்.டி.க்குச் சொல்வது) அனுப்பியிருந்தால் எதுவும் கிடைக்காது. இதற்கு முன்பு மூன்றாவது நகல் எடுத்தீர்களா என்று கேட்க நினைத்தேன். கடிதத்தின் கடைசி வரியில் விடை இருந்தது.

கேள்வி: குளோன் ஆகிவிட்டது, ஆனால் சி டிரைவ் 237 ஜி.பி.யிலேயே நிற்கிறது. அதைப் பெரிதாக்கும் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாக இருக்கிறது.

காலி இடம் சி-க்கு அடுத்ததாக இல்லை, நடுவில் 'ரெகவரி பார்ட்டிஷன்' (விண்டோஸ் தொடங்காதபோது சரிசெய்ய உதவும் மீட்புச் சூழல் இருக்கும் சிறு பிரிவு) நிற்கிறது. 2020-க்குப் பிறகு வந்த விண்டோஸ் நிறுவல்கள் அதை சி-க்குப் பின்னால்தான் வைக்கின்றன. நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து 'ரீஏஜென்ட்சி' கட்டளையால் மீட்புச் சூழலை முடக்கி, பார்ட்டிஷன்களை நகர்த்தும் ஜிபார்ட்டட் மென்பொருள் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, அந்தச் சிறு பார்ட்டிஷனை வட்டின் கடைசிக்கு நகர்த்துங்கள். பிறகு விண்டோஸுக்குத் திரும்பி சி-யை விரித்து, மீட்புச் சூழலை மறுபடி இயக்குங்கள். அதை நீக்கிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று சொல்பவர்கள் உண்டு. விண்டோஸ் தொடங்காத ஒருநாளில் அதன் அருமை தெரியும். வேலை முழுவதும் சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

கேள்வி: புதிய எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தியதும் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே?

நீங்கள் போடவில்லை, விண்டோஸ் போட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கப்படும் பல லேப்டாப்புகளில் குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டுவது) தானாகவே தொடங்கிவிடுகிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு அதற்கான வன்பொருள் நிபந்தனைகளை மேலும் தளர்த்திவிட்டது. கேட்கப்படுவது பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டின் மீட்பு எண். கணினியை அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ நுழைந்து, சாதனங்கள் பகுதியில் தேடுங்கள். அலுவலகக் கணினி என்றால் உங்கள் ஐ.டி. பிரிவைக் கேளுங்கள். கடைக்காரர் தம் கணக்கைக் கொடுத்து அமைத்திருந்தால், அவரைத் தேடிப் போக வேண்டியதுதான்.

மற்றவர்கள் கவனிக்க: குளோன் தொடங்கும் முன் அமைப்புகளில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் முதலில் மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பிறகு குறியாக்கத்தை முழுவதுமாக நீக்குங்கள். பாதியில் விட்டுவிட்டு குளோனுக்குப் போகாதீர்கள். முடியும்வரை, ஒரு மணி நேரம் போல, காத்திருங்கள். பூட்டிய பார்ட்டிஷனுக்குள் என்ன இருக்கிறது என்பது குளோன்சில்லாவுக்குத் தெரியாது. காலி இடத்தையும் சேர்த்து அப்படியே நகலெடுக்கும், அளவையும் விரிக்காது. புதிய டிரைவில் எல்லாம் சரியானதும் குறியாக்கத்தை மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாற்றினேன். 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்து மறுதொடக்கம் ஆகிக்கொண்டே இருக்கிறது.

பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை அமைப்பு) சேமிப்பு முறையை ஆர்.ஏ.ஐ.டி.யிலிருந்து ஏ.எச்.சி.ஐ.க்கோ மறுதிசையிலோ மாற்றியிருந்தால், முன்பு இருந்தபடியே வையுங்கள். மாற்றவில்லை என்றால், விண்டோஸ் தொடங்கும்போதே என்.வி.எம்.இ. டிரைவரை (அந்த வகை டிரைவை இயக்கும் மென்பொருளை) ஏற்றப் பழகவில்லை என்று பொருள். மீட்புச் சூழல் வழியாக ஒரே ஒருமுறை சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் முறை) நுழைந்து வெளியே வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: ஜென் 4 (நான்காம் தலைமுறை) எஸ்.எஸ்.டி. வாங்கிவிட்டேன், என் ஸ்லாட் ஜென் 3. வீணா?

வேலை செய்யும், ஜென் 3 வேகத்தில். நொடிக்கு 3,500 எம்.பி. சுற்று. அன்றாட வேலையில் வித்தியாசம் உணர மாட்டீர்கள்.

கேள்வி: எம்.2 திருகு தொலைந்துவிட்டது. எஸ்.எஸ்.டி. ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது, செலோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

எடுத்துவிடுங்கள். என்.வி.எம்.இ. டிரைவ் வேலைப் பளுவில் 70 டிகிரிவரை போகும். பசை இளகி, டிரைவ் எழும்பி, ஏதோ ஒரு நாள் நடுவேலையில் கணினி நிற்கும். லேப்டாப் பழுதுபார்க்கும் எந்தக் கடையிலும் அந்தத் திருகு கிடைக்கும்.

கேள்வி: குளோன் முடிந்து விண்டோஸ் வந்துவிட்டது. பழைய 256-ஐ இன்றே அழித்து நண்பருக்குக் கொடுக்கலாமா?

கூடாது. முதலில், பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்துத் தொடங்கிப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தால், நீங்கள் எதிலிருந்து தொடங்கினீர்கள் என்றே தெரியாமல் போகலாம். இரண்டின் அடையாள எண்ணும் ஒன்றாக இருப்பதால், விண்டோஸ் ஒன்றை 'ஆஃப்லைன்' என்று ஒதுக்கவும் செய்யும். பிறகு பழையதைத் தேதி எழுதி ஒரு மாதம் மேசை இழுப்பறையில் வையுங்கள். வரி மென்பொருளின் உரிமம், அச்சுப்பொறியின் அமைப்பு, வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் கோப்புறை ஆகியவை எல்லாம் முதல் நாளில் நினைவுக்கு வருவதில்லை.

ஒரு மாதத்துக்குப் பின், பயாஸில் 'செக்யூர் இரேஸ்' இருந்தால் அதைப் பயன்படுத்தி, அல்லது தயாரிப்பாளரின் கருவியால், முழுவதும் அழித்துவிட்டு நண்பரிடம் கொடுங்கள். வெறும் 'குயிக் ஃபார்மேட்'டை நம்பிக் கொடுக்காதீர்கள். கல்யாண ஆல்பத்தை அதில் ஏற்றிப் பீரோவில் வைக்கப் போகிறேன் என்று எழுதியவருக்கும் இதே இடத்தில் பதில்: நன்றாகத் தேய்ந்த எஸ்.எஸ்.டி.யை மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் வைத்தால் தரவு மங்கிப்போகலாம். அதற்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், அதிலும் இரண்டு.