வீட்டுப் பிரசவமா, ஆஸ்பத்திரியா? சிஸ்டரின் பதில்கள்

சென்னை அரசு மருத்துவமனை ஒன்றின் லேபர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.

பெரம்பூர் வாசகி: என் பாட்டி ஒன்பது பிள்ளைகளையும் வீட்டில்தான் பெற்றார். இப்போது மட்டும் ஏன் சிஸ்டர் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

எத்தனை பெற்றார் என்று சொன்னாய், எத்தனை தங்கின என்றும் கேட்டுப் பாரம்மா. எல்லாரும் குழந்தை வெளியே வருவதை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் அதற்குப் பிறகுதான். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகிறது. நஞ்சு (நஞ்சுக்கொடி) விழுந்ததும் கர்ப்பப்பை சுருங்கி அந்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். அடிவயிற்றில் கை வைத்தால் தேங்காய் மாதிரி கெட்டியாகத் தெரியும். கொழகொழவென்று இருந்தால் உதிரம் நிற்காது. அதனால்தான் குழந்தை பிறந்தவுடனே தொடையில் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட் போடுகிறோம். அதுவும் போதாவிட்டால் வேறு மருந்து, ரத்தம், சில சமயம் ஆபரேஷன். எந்தக் குறையும் இல்லாத, நன்றாக நடமாடிய பெண்ணுக்கும் இது வரும். முன்கூட்டியே சொல்லவே முடியாது.

வேளச்சேரி வாசகி: நெதர்லாந்தில் இருக்கும் என் தோழி வீட்டில்தான் பெற்றாள். அங்கே சரியானது இங்கே தப்பா?

அந்த ஊர் மருத்துவச்சி நான்கு வருடப் பட்டப்படிப்பு படித்தவர். பையில் ஊசி, ஆக்ஸிஜன், தையல் சாமான் எல்லாம் இருக்கும். இரட்டைக் குழந்தை, பிரஷர், தலை திரும்பாத குழந்தை என்றால் வீட்டுப் பிரசவத்துக்கே ஒப்புக்கொள்ளமாட்டார். வலி நடுவில் சந்தேகம் வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவார். முதல் பிரசவக்காரர்களில் நிறையப் பேர் அப்படித்தான் போய்ச் சேருகிறார்கள்.

இங்கே 2018-இல் மத்திய அரசு நர்ஸ்களுக்கு 18 மாத மருத்துவச்சிப் பயிற்சிக்கு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் அவர்களுக்கு வேலை ஆஸ்பத்திரிக்குள்தான், வீடு தேடி வரமாட்டார்கள். அதே வருடம் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் உதிரப்போக்கில் இறந்தது நினைவிருக்கும். அப்புறம், சாயங்காலம் ஆறு மணிக்கு வேளச்சேரியிலிருந்து எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று நான் சொல்லவா வேண்டும்?

அண்ணாநகர் வாசகி: ஆஸ்பத்திரி போனால் வயிற்றைக் கிழிக்காமல் விடமாட்டார்களே!

உன் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். தனியாரில் 64, அரசில் 36. இது அதிகம்தான், நான் மழுப்ப விரும்பவில்லை. (நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு வரும் குடும்பங்களும் இதில் பங்காளிகள்தான்.) ஏழாம் மாதத்திலேயே டாக்டரிடம் கேள்: "முதல் பிரசவத்தில் எத்தனை பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது? வலியில் நடக்க விடுவீர்களா?" கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து அவசரப்படக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2018-இல் சொல்லிவிட்டது. எல்லாருக்கும் வழக்கமாகக் கீழே வெட்டித் தையல் போடுவதும் வேண்டாம் என்கிறது. பதில் மழுப்பலாக வந்தால் வேறு டாக்டரைப் பார்.

ராயபுரம் வாசகி: அரசு ஆஸ்பத்திரியில் அம்மா கூட இருக்கலாமா?

இருக்கலாம். பெண் துணை ஒருவரை அனுமதிப்பார்கள். ஆண்களைப் பெரும்பாலும் விடுவதில்லை, பக்கத்துக் கட்டிலிலும் பெண்தானே. தனியாரில் கணவரை விடுகிற இடங்கள் உண்டு.

தாம்பரம் வாசகர்: ஆம்புலன்ஸ் வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டால்?

108-ஐ அழைத்துவிட்டு லைனிலேயே இருங்கள் தம்பி. குழந்தையைச் சுத்தமான துணியால் துடைத்து, அம்மாவின் வெறும் நெஞ்சில் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். ஃபேனை நிறுத்துங்கள். தொப்புள்கொடியை வெட்டாதீர்கள், இழுக்கவே இழுக்காதீர்கள், இழுத்தால் கர்ப்பப்பையே வெளியே வந்துவிடலாம். பால் குடிக்க வைத்தால் கர்ப்பப்பை சுருங்க உதவும். நஞ்சு தானாக விழுந்தால் கவரில் போட்டுக் கையோடு எடுத்து வாருங்கள், முழுசாக வந்திருக்கிறதா என்று நாங்கள் பார்க்க வேண்டும்.