தூண்டிலோடு சரணாலயத்துக்குப் போகலாமா?

வனத்துறையில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் மீன்பிடி, வேட்டை பற்றிய சந்தேகங்கள் எனக்கு நிறைய வருகின்றன. இந்த முறை அவற்றில் ஏழு.

என் மகனுக்குத் தூண்டில் என்றால் உயிர். வேடந்தாங்கல் ஏரியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து மீன் பிடிக்க அனுமதி வாங்க முடியுமா? (வாசகி, தாம்பரம்)

முடியாதும்மா. சரணாலயத்துக்குள் எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது: ஆய்வு, படம் எடுப்பது, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரிடம் தொழில் நிமித்தமாகப் போவது, இப்படி. பொழுதுபோக்கு மீன்பிடி அதில் இல்லை. இருக்கவும் கூடாது என்பேன். அந்த ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். நீர்க்காகமும் கூழைக்கடாவும் குஞ்சுக்கு இரை தேடும் மாதங்களில்தான் நாமும் அங்கே போகிறோம். அறுந்த தூண்டில் நரம்பு காலில் சுற்றி, சதையை அறுத்து எலும்பு வரை இறங்கிய ஒரு வக்காவை (இராக்கொக்கு) என் மடியில் வைத்து அவிழ்த்திருக்கிறேன். பிழைக்கவில்லை.

மகனுக்கு ஒன்று சொல்லுங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்தப் பறவைகளைச் சுட்டபோது ஊர் விவசாயிகள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-லேயே பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எப்படிப்பட்ட உரம் என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே பைனாகுலரோடு போகட்டும். தூண்டிலுக்கு வேறு ஏரி பார்க்கலாம். எப்படி என்பது அடுத்த பதிலில்.

சின்ன வயதில் ஊர்க் கண்மாயில் இஷ்டத்துக்கு மீன் பிடித்தோம். இப்போது குத்தகைக்காரர் விரட்டுகிறார். பொதுக் கண்மாய்தானே? (வாசகர், சிங்கம்புணரி)

கண்மாய் பொதுதான். ஆனால் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போய்விட்டால் அந்தக் குத்தகைக் காலத்தில் மீன் அவருடையது. கட்லா, ரோகு குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கி விட்டிருப்பார். கேட்காமல் வலை போட்டால் புகார் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. போய் நேரில் கேளுங்கள். ஒற்றைத் தூண்டிலில் கெளுத்தி, கெண்டை பிடிப்பதை நிறையப் பேர் தடுப்பதில்லை. ஏலம் போகாத கண்மாய் என்றால் ஊராட்சியில் விசாரியுங்கள்.

அப்புறம், உங்கள் பக்கம்தான் மீன்பிடித் திருவிழா இருக்கிறதே! கோடையில் தண்ணீர் முழங்காலளவு வற்றியதும் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை கரையில் காத்திருந்த சனம் அத்தனையும் ஒரே நேரத்தில் இறங்கும். கையில் வலை, கச்சா, ஊத்தா. ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த கூடை. சேற்றில் அழுத்தி வைத்ததும் உள்ளே மாட்டிய விரால் முட்டுவது கைக்குத் தெரியும். மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். பிடித்ததை விற்காமல் வீட்டிலேயே குழம்பு வைப்பது பல ஊரில் வழக்கம். பொது நீர்நிலையில் எல்லாருக்கும் பங்கு தர இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் உங்களுக்குப் பக்கத்திலுள்ள வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி கண்மாய்கள் சரணாலயம். அங்கே ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. நாமும் அதை மதிக்க வேண்டும்.

தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. சொந்தத் தோட்டத்தில் முயல், காடை சுடலாமா? (வாசகர், கரூர்)

கூடாது. துப்பாக்கி லைசென்ஸ் வேறு, வேட்டை லைசென்ஸ் வேறு. உங்கள் தாத்தா காலத்தில் இரண்டாவதும் கிடைத்தது. 1991-ல் சட்டத்தைத் திருத்தி அதை எடுத்துவிட்டார்கள். நிலம் யாருடையதாக இருந்தாலும் காட்டு முயலும் காட்டுக் காடையும் கௌதாரியும் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. சுடுவது மட்டும் வேட்டை என்று நினைக்காதீர்கள். கண்ணி வைப்பது, விரட்டிப் பிடிப்பது, விஷம் வைப்பது, பறவை முட்டையையோ கூட்டையோ கலைப்பது, எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். திருவிழாவுக்கு முயல் பிடிப்பதும் அதில் சேரும். ஏர்கன்னுக்கும் விலக்கு கிடையாது. காடைக் கறி வேண்டுமானால் பண்ணைக் காடை வாங்குங்கள், அதற்குத் தடையில்லை.

காட்டுப்பன்றி நிலக்கடலையை அடியோடு தோண்டிவிட்டது. மின்வேலி போடுவதைத் தவிர வழி? (வாசகர், பென்னாகரம்)

உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. விடிகாலையில் உழுது போட்டது போலக் கிடக்கும் கடலைக் கொல்லையைப் பார்த்தவன் நான். ஆனால் கரண்டை நேரடியாகக் கம்பியில் விடாதீர்கள். 2023 மார்ச்சில் உங்கள் மாவட்டத்தில், மாரண்டஹள்ளி பக்கம், அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டு பக்கத்திலேயே நின்றன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் அதே கதி வரலாம்.

2025-ல் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. எந்தத் தூரத்திலும் விவசாயிக்குச் சுடும் அதிகாரம் இல்லை. வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். சேதத்தைப் படம் எடுத்து இழப்பீட்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

நாங்கள் பழங்குடியினர். சரணாலயத்துக்குள் ஓடும் ஆற்றில் மீன் பிடித்தால் மறிக்கிறார்கள். (வாசகர், ஈரோடு மாவட்டம்)

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உங்களுக்குப் பக்கபலம். நீர்நிலைகளின் மீனை ஒரு சமூக உரிமையாகவே அது குறிப்பிடுகிறது. சரணாலய நிலமும் அதில் அடங்கும். விலங்கு வேட்டையை மட்டும் அதே சட்டம் தெளிவாக விலக்கிவிட்டது. கிராம சபையைக் கூட்டி, வன உரிமைக் குழு வழியாகச் சமூக உரிமை கோரி மனு போடுங்கள். எந்த ஆற்றுப் பகுதி, எந்த மாதங்கள், என்ன வலை என்று எழுதுங்கள். பெரியவர்களின் வாக்குமூலமும் சாட்சியாக ஏற்கப்படும். தோட்டா, விஷம் போட்டுப் பிடிக்கும் வெளியாட்களை முதலில் கண்டு சொல்லப்போவதும் நீங்கள்தான். உங்களைக் கரையிலிருந்து விரட்டுவது ஆற்றுக்கே நஷ்டம்.

வலையில் கடல் அட்டையோ ஆவுளியாவோ (கடல் பசு) சிக்கினால்? (வாசகர், ராமநாதபுரம்)

உயிரோடு அங்கேயே கடலில் விட்டுவிடுங்கள். கடல் அட்டை 2001-லிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில், இருக்கிறது. கரைக்குக் கொண்டுவந்தால் வழக்கு, குறைந்தது 3 வருஷம் சிறை. ஆவுளியா மேலே வந்து மூச்சு வாங்கும் பிராணி. வலைக்குள் நேரம் போகப் போகச் செத்துவிடும். வலையை அறுங்கள். அப்படி விடுவித்த மீனவர்களை வனத்துறை அழைத்துப் பாராட்டியிருக்கிறது.

பழவேற்காட்டில் படகு எடுத்து நாங்களே வலை வீசிப் பார்க்க ஆசை. (வாசகர், சென்னை)

வேண்டாம். பறவைச் சரணாலயம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்த ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று ஊர்கள் முறை வைத்திருக்கின்றன. ‘பாடு’ என்பார்கள். அந்த முறைக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பாட்டில் இடமில்லாத இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, வெறும் கையால் சேற்றைத் தடவி இறால் எடுப்பார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்தபடி, அகப்பட்டதை அதில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். அந்த இறாலைக் கரையில் அவர்களிடமே, பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.