புதன்கிழமை வயிற்று வலி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

விளையாட்டுக்கான பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் பிடுங்கிக்கொள்வது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் சேலம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். ஜூலை மாதத்திலிருந்து புதன்கிழமை ஆனால் காலையில் வயிற்று வலி என்பாள். ஓமத் தண்ணீர் கொடுத்தேன், பூச்சி மருந்து கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, புதன்கிழமை அவளுக்கு பி.டி. பீரியட். இரண்டு பேரைத் தலைவியாக்கி ஆள் பிரிக்கச் சொல்வார்களாம். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு முடிந்ததும் இவள் மட்டும் நிற்பாளாம். "நீயே வச்சுக்கோ" என்று ஒரு தலைவி இன்னொருத்தியிடம் சொன்னாளாம். எடை பார்த்த அன்று எண்ணைச் சத்தமாகச் சொல்லி எழுதினார்களாம். கணக்கு டீச்சர் அந்தப் பீரியடை எடுத்துக்கொண்ட வாரம் என் பிள்ளை சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

தெரிந்த டாக்டரிடம் ஒரு சர்டிஃபிகேட் வாங்கிக் கொடுத்து, விளையாட்டே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? படிப்பில் கெட்டிக்காரி. அது போதாதா? பெயர் போட வேண்டாம்.

— ஒரு தாய்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. பீரியடைப் பிடுங்குவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். அந்த நாற்பது நிமிடம் கிடைக்கிற பள்ளியில் அது எப்படிப் போகிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் மகளின் புதன்கிழமை அந்தக் கட்டுரையில் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கடைசி ஆளாக நானும் நின்றிருக்கிறேன். எண்பதுகளில், ஒரு சின்ன ஊரின் பெண்கள் பள்ளியில். பெயர்கள் குறையக் குறைய நாம் நிற்கிற இடம் பெரிதாகிக்கொண்டே போகும். பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் காலால் மண்ணைக் கீறிக்கொண்டு நிற்போம். உங்கள் மகள் என்ன செய்வாள் என்று கேட்டுப் பாருங்கள், அவளும் ஏதோ ஒன்றைக் கீறிக்கொண்டுதான் நிற்பாள்.

எனக்கு அது ஏழாம் வகுப்பின் பாதியில் நின்றது. புதிதாக ஒரு பி.டி. டீச்சர் வந்தார். வந்த முதல் வாரமே தலைவிகள் ஆள் பிரிப்பதை நிறுத்திவிட்டார். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார். ஒன்றெல்லாம் ஒரு பக்கம், இரண்டெல்லாம் ஒரு பக்கம். அவ்வளவுதான். யார் வேண்டும், யார் வேண்டாம் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. அப்புறம் சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டு, இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, கோ-கோ ஆட வைத்தார்.

கோ-கோவில் துரத்துகிற அணியில் எட்டுப் பேர் நடுக்கோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒன்பதாவது ஆள் துரத்துவாள். துரத்துகிறவள் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, திரும்பி ஓடவும் கூடாது. அதனால் ஓடுகிறவள் அந்தப் பக்கம் நழுவினால், உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டி "கோ" சொல்ல வேண்டும். முதல் தடவை என் முதுகில் ஒரு உள்ளங்கை பட்டு, காதருகே "கோ" என்று கேட்டபோது நான் எழுந்திருக்கவே இல்லை. என்னைத்தான் என்று நம்ப முடியவில்லை. இரண்டாவது தடவை எழுந்தேன். பாவாடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நாலடி ஓடி, பக்கத்தில் இருந்தவளுக்குக் கோ கொடுத்துவிட்டு அவள் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் எழுந்து ஒரே எட்டில் ஓடுகிறவளைத் தொட்டுவிட்டாள். டீச்சர் என்னைப் பார்த்து, "உனக்கு ஓட்டம் பத்தல, ஆனா யாருக்குக் கோ குடுக்கணும்னு தெரியுது" என்றார். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் குரல் எனக்கு அப்படியே கேட்கிறது. நான் எந்தப் போட்டிக்கும் போனதில்லை. ஆனால் பி.டி. பீரியட் அன்று வயிறு வலித்ததும் இல்லை.

சரி, சர்டிஃபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம், வாங்காதீர்கள். காரணம் அவள் எடை என்று நினைத்துவிடாதீர்கள். எடையை இந்தப் பேச்சிலிருந்து முழுக்க எடுத்துவிடுங்கள். "ஓடினால் இளைப்பாய்" என்று வீட்டில் யார் சொன்னாலும் தடுத்துவிடுங்கள். அப்படிச் சொன்ன அன்றே ஓட்டம் ஒரு தண்டனையாக ஆகிவிடும். லேட்டாக வந்தால் மைதானத்தை மூன்று ரவுண்டு ஓடு, வீட்டுப்பாடம் எழுதவில்லையா தோப்புக்கரணம் போடு என்று உடல் அசைவையே தண்டனையாகக் கொடுத்துப் பழகிய நாடு இது. அப்புறம் அதை ஆசையாகச் செய் என்றால் பிள்ளை எப்படிச் செய்வாள்?

நான் பார்ப்பது அவள் எலும்பை. பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதை ஒட்டி எலும்பு வேகமாகக் கெட்டிப்படும். பெரியவளான பிறகு எலும்பில் இருக்கப்போகிற மொத்தத் தாதுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, அந்த வேகம் உச்சத்தில் இருக்கும் காலத்தை ஒட்டிய இரண்டே வருடத்தில் சேர்கிறது. உங்கள் மகள் இப்போது அந்த வாசலில் நிற்கிறாள். எலும்புக்குப் பாலும் கேழ்வரகும் எவ்வளவு முக்கியமோ, காலைத் தரையில் ஊன்றிக் குதிப்பதும் அவ்வளவு முக்கியம். ஸ்கிப்பிங் கயிறு, நொண்டி, பாண்டி ஆட்டம், எல்லாம் அந்த வேலையைச் செய்பவை. பாட்டிமார் தெருவில் கட்டம் போட்டுச் சில்லு எறிந்து நொண்டியடித்தார்களே, அது ஒன்றும் பொழுதுபோக்காகப் போய்விடவில்லை.

அப்புறம் கண். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிட வெளிப்புற வகுப்பைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். 2015-ல் வெளிவந்த ஆய்வு இது. அங்கே ஜெயித்தவர் தோற்றவர் கணக்கு யாரும் வைக்கவில்லை. வெளிச்சத்தில் இருந்தார்கள், அதுவே பலன் தந்தது. படிப்பு போதாதா என்று கேட்டீர்கள். படிக்கிற பிள்ளைக்குக் கண் வேண்டுமே, தங்கை.

5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016 நிலவரப்படி உலகம் முழுக்க 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு அது கிடைக்கவில்லை, பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். வாரம் ஒன்றிரண்டு பீரியடால் இதை ஈடுகட்ட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிறையப் பெண் பிள்ளைகளுக்கு அதை விட்டால் வேறு எதுவும் இல்லை. தெருவில் ஆட விடுவதில்லை. வயதுக்கு வந்துவிட்டால் அதுவும் போச்சு.

நம் பள்ளிகளில் விளையாட்டு ஏன் உங்கள் மகளைக் கண்டுகொள்வதில்லை என்றால், அது ஆள் எடுப்பதற்காக நடப்பது. குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று ஏணி போகிறது. ஜூலை வந்தால் பி.டி. ஆசிரியர் பன்னிரண்டு, பதினைந்து பேரை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் ஓடிக்கொண்டிருப்பார். மற்ற ஐந்நூறு பேருக்கும் ஒரு பந்து. பையன்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள், பெண் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசுவார்கள். அந்த ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சென்னையில் ஹாரி க்ரோ பக் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி நூறு வருடம் தாண்டிவிட்டது. ஆனால் இத்தனை காலம் படித்துவிட்டு வருகிறவரைப் பிரேயர் வரிசை பார்க்கவும், முடி வெட்டாதவனைப் பிடிக்கவும்தான் பள்ளி வைத்திருக்கிறது. அவர் வேலையை எடை போடுவதும் கோப்பையை வைத்துத்தான்.

உங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கிவிட்டது. 2016-ல் ரியோ பாராலிம்பிக்ஸில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அந்தத் தங்கத்தைப் பற்றி நானும் பல மேடையில் பேசியிருக்கிறேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகு எனக்கு வேறொரு நாள்தான் பெரிதாகத் தெரிகிறது. கால் சரியில்லாத ஒரு பையனை, நீ ஓரமாக உட்கார் என்று சொல்லாமல், தாண்டிப் பார் என்று பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் சொன்ன நாள். பதக்கம் வராமல் போயிருந்தாலும் அது அவ்வளவு நல்ல நாள்தான்.

ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் என்ற ஊரில் 2012-ல் ஒரு தலைமையாசிரியை ஒரு காரியம் செய்தார். பெயர் எலைன் வைலி. பிள்ளைகளைத் தினம் 15 நிமிடம் வெளியே கூட்டிப்போய்ப் போட்டிருக்கும் துணியோடு ஓட விட்டார். முடியாதவர்கள் நடக்கலாம், தோழியோடு பேசிக்கொண்டே போகலாம். யார் முதல் என்று எழுதிவைப்பதில்லை. அதன் பெயர் 'டெய்லி மைல்'. இன்று எத்தனையோ நாட்டுப் பள்ளிகளில் நடக்கிறது. இதற்கு ஷூகூட வாங்க வேண்டியதில்லை. காலை பத்தரை மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும் என்பதால் நம் ஊரில் பிரேயர் முடிந்த கையோடு செய்யலாம். செய்ய மனம்தான் வேண்டும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. முதலில் அவளுக்கு ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களில் எத்தனை பேரைச் சோம்பேறி என்று சொல்லியிருப்போமோ! படியேறினால் மூச்சு வாங்குகிறதா, கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். பள்ளியில் வாரா வாரம் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, ஜன்னல் வழியே எறிகிறாளா என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்று, வெளிப்படையாகவே சொல்கிறேன். இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் ஓடாததற்குக் காரணம் மார்பு குலுங்குகிறதே என்ற கூச்சம். அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். நல்ல பிடிப்பான ஒரு ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கிக் கொடுத்துவிடுங்கள், காரணம் விளக்க வேண்டாம். மாதவிடாய் நாளில் ஆடுவதா உட்காருவதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். உட்கார்ந்தால் அன்று ஸ்கோர் எழுதட்டும், விசில் அடிக்கட்டும். மைதானத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

பி.டி. டீச்சரைத் தனியாகப் போய்ப் பாருங்கள், பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். குற்றம் சொல்லாமல் இரண்டே விஷயம் கேளுங்கள். ஆள் பிரிப்பதை ஒன்று, இரண்டு எண்ணிச் செய்யட்டும். எடையை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதட்டும். இரண்டுக்கும் காசு செலவில்லை. பெரும்பாலும் "அட, நான் யோசிக்கவே இல்லையேம்மா" என்பார். அப்படிச் சொல்லவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போங்கள். சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியை மட்டும் தடுக்கவில்லை, பிள்ளையின் மனதை நோகடிப்பதையும் தடுக்கிறது. அதே சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. இதையும் கையோடு கேட்டுவிடுங்கள்.

வீட்டு வாசலில் இடம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோலப்பொடியில் ஒரு பாண்டிக் கட்டம் போடுங்கள். அவளைக் கூப்பிடாதீர்கள், நீங்களே நொண்டியடித்துப் பாருங்கள். ஓட்டுச் சில்லு எங்கே விழ வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க அவள் தானாக வருவாள். கோட்டை மிதித்தால் அவுட், அதில் அவளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம்.

டீச்சர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அவளிடம் கோ-கோ தெரியுமா என்றும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா