ரோட்டா சொட்டு மருந்து கொடுத்தும் பேதி ஏன்?
மூன்று தவணையும் கொடுத்த பத்து மாதக் குழந்தைக்குப் பேதி, வேறு ரகக் கிருமியா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கலாம், குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸில் ஜி1, ஜி2, ஜி3, ஜி9, ஜி12 என்று பல ரகங்கள் சுற்றுகின்றன. ரகம் தெரிந்தாலும் வைத்தியம் மாறாது. சொட்டு மருந்து முக்கியமாகத் தடுப்பது கடும் நீரிழப்பை. லேசான பேதி வரத்தான் செய்யும்.

ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் தூள்) பெரிய பொட்டலம் முழுவதையும் காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் கரையுங்கள். கண்ணளவில் டம்ளரில் போட்டால் உப்பு கூடிவிடும், அது ஆபத்து. ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மி.லி., கரண்டியால். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. மருத்துவரைக் கேட்டுத் துத்தநாகம் தினம் 20 மி.கி., 14 நாள். பேதி நின்றதுமே பலர் நிறுத்திவிடுகிறார்கள், கூடாது. தாய்ப்பாலும் சோறும் தொடரட்டும். ஆன்டிபயாடிக் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. கண் குழிந்தாலோ, 6 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.