மேற்கு சஹாரா: பட்டியலில் நின்றுபோன வாக்கெடுப்பு

அன்புள்ள ஐயா,

வட ஆப்பிரிக்காவில் ஸ்பெயினின் காலனியாக இருந்து, இப்போது பெரும்பகுதி மொராக்கோவின் பிடியில் இருக்கும் மேற்கு சஹாரா பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். சுதந்திரமா, மொராக்கோவோடு இணைப்பா என்று அந்த மக்களைக் கேட்க ஐ.நா. 1991ல் ஏற்றுக்கொண்ட பொதுவாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அங்கே இருப்பதே கொஞ்சம் பேர்தான், ஒரு மாதத்தில் முடித்திருக்கலாமே? அங்கே சுதந்திரம் கேட்டுப் போராடும் பொலிசாரியோ இயக்கம் அல்ஜீரியா ஆட்டிவைக்கும் பொம்மை மட்டும்தானா? ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 2025 அக்டோபர் தீர்மானத்தோடு விவகாரம் முடிந்துவிட்டதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வாக்குப்பெட்டி வைக்க ஒரு நாள் போதும். யார் வாக்காளர் என்ற கேள்வியில்தான் எல்லாம் நின்றது.

ஸ்பெயின் வெளியேறுவதற்கு முன் 1974ல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதில் இருந்தவர்கள் ஏறத்தாழ 74,000 பேர். அந்தப் பட்டியலே போதும் என்றது பொலிசாரியோ. காலனிய ஆட்சியின்போது வடக்கே மொராக்கோவுக்குள் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும் சஹாராவிகள்தானே, அந்த மண்ணின் மக்கள்தானே என்றது மொராக்கோ. இரண்டு வாதத்திலும் உண்மை உண்டு. மழையைத் தேடி ஒட்டகங்களோடு நகரும் குலங்களை ஒரு குறிப்பிட்ட வருடத்தில், ஒரு கோட்டுக்கு உள்ளே நிறுத்தி எண்ணிய கணக்கு அது.

ஐ.நா. கடைசியில் ஐந்து தகுதிகளை வகுத்தது. 1974 பட்டியலில் பெயர் உள்ளவர். அப்போது அங்கே வசித்தும் விடுபட்டவர். இந்த இரு வகையினரின் பெற்றோரும் பிள்ளைகளும். அந்த மண்ணில் பிறந்த சஹாராவியின் பிள்ளை. 1974 டிசம்பர் 1க்கு முன் தொடர்ந்து ஆறு வருடமோ விட்டுவிட்டுப் பன்னிரண்டு வருடமோ அங்கே வாழ்ந்த குலத்தவர். கடைசி இரண்டில்தான் சண்டை. பாலைவனத்தில் விட்டுவிட்டு வாழ்ந்த பன்னிரண்டு வருடத்துக்கு யாரிடம் ரசீது இருக்கும்?

எனவே சாட்சியத்தை நம்பினார்கள். விண்ணப்பதாரர் மேசைக்கு முன் வந்து உட்காருவார். அவருடைய குலக்கிளையைச் சேர்ந்த இரண்டு ஷேக்குகள், அதாவது குலப் பெரியவர்கள், தரப்புக்கு ஒருவராக, எதிரே இருப்பார்கள். இவருடைய தகப்பன் யார், எந்தக் கிணற்றடியில் கூடாரம் போட்ட குடும்பம் என்பதெல்லாம் அவர்கள் நினைவிலிருந்து வரவேண்டும். ஒருவர் ‘தெரியும்’ என்பார், மற்றவர் ‘தெரியாது’ என்பார். ஒரு ஷேக் வராவிட்டால் அன்றைய வேலையே நின்றுவிடும். எச்41, எச்61, ஜே51/52 என்று கணக்கெடுப்பில் குறிக்கப்பட்டிருந்த குலப்பிரிவுகளை விசாரிப்பதா வேண்டாமா என்பதிலேயே வருடங்கள் போயின. 1994 ஆகஸ்டில் தொடங்கிய வேலை 1996ல் நின்றது. 1997 டிசம்பரில் மறுபடி தொடங்கி 1999 கடைசியில்தான் முடிந்தது. தகுதி பெற்றவர்கள் சுமார் 86,000 பேர். மேல்முறையீடுகளோ 1,30,000க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் திரும்ப சாட்சி, திரும்ப ஷேக். அதோடு, தோற்ற தரப்பு முடிவை ஏற்க மறுத்தால் அதை நிறைவேற்ற வழியே திட்டத்தில் இல்லை என்பதை 2000 பிப்ரவரியில் ஐ.நா. பொதுச்செயலாளர் கோபி அன்னான் அறிக்கையில் எழுதினார். வாக்கெடுப்பு அங்கேயே கிட்டத்தட்ட முடிந்துபோனது.

பட்டியல் மட்டும்தான் தடை என்று நான் நினைக்கவில்லை. அன்னானின் தூதர் ஜேம்ஸ் பேக்கர் 2003ல் கொண்டுவந்த திட்டத்தைப் பாருங்கள். நான்கைந்து வருடத் தன்னாட்சி, பிறகு வாக்கெடுப்பு. அதில் 1999 இறுதிக்குள் அங்கே குடியேறிவிட்ட மொராக்கோவினரும் வாக்களிக்கலாம். இது மொராக்கோவுக்குச் சாதகமான பட்டியல். ஆனாலும் அதைப் பொலிசாரியோ ஏற்றது, மொராக்கோ மறுத்தது. ‘சுதந்திரம்’ என்ற சொல் வாக்குச்சீட்டில் இருப்பதையே மொராக்கோவின் தலைநகர் ரபாத் விரும்பவில்லை. பேக்கர் 2004ல் பதவி விலகினார்.

அல்ஜீரியாவுக்கு வருகிறேன். பொம்மை என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. சஹாராவிகள் வாழும் திந்தூஃப் அகதி முகாம்கள் அல்ஜீரிய மண்ணில் இருக்கின்றன. ஆயுதமும் அரசியல் ஆதரவும் அங்கிருந்துதான் வருகின்றன. அதற்காக, ஐம்பது வருடம் கூடாரத்திலும் மண்வீட்டிலும் காத்திருக்கும் மக்களின் கோரிக்கை அல்ஜியர்ஸ் கண்டுபிடித்தது ஆகிவிடாது. அல்ஜீரியாவுக்குச் சொந்தக் கணக்கும் உண்டு. 1963ல் மொராக்கோவோடு எல்லைப் போர் நடந்தது. அன்று மொராக்கோ உரிமை கோரிய இடங்களில் திந்தூஃபும் ஒன்று. காலனிய எல்லைகளை யாரும் அசைக்கக் கூடாது என்பது அல்ஜீரியாவுக்கு வெறும் கொள்கையல்ல, வீட்டு வாசல் பிரச்சினை.

விலையை வட ஆப்பிரிக்கா முழுவதும் கொடுக்கிறது. இரு நாட்டு நில எல்லை 1994 முதல் மூடியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் அல்ஜீரியா தூதரக உறவை முறித்தது. அந்த அக்டோபர் முடிவில் மொராக்கோ வழியாக ஸ்பெயினுக்குப் போன எரிவாயுக் குழாயின் ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை. 2022ல் ஸ்பெயினும் 2024ல் பிரான்ஸும் மொராக்கோவின் பக்கம் சாய்ந்தபோது இரண்டு முறையும் அல்ஜீரியா தன் தூதரைத் திரும்ப அழைத்தது. இந்தியாவும் 1985ல் பொலிசாரியோ அறிவித்த சஹாராவி குடியரசை அங்கீகரித்து, 2000ல் அதைத் திரும்பப் பெற்ற நாடுதான்.

2025 அக்டோபர் 31 தீர்மானம் (எண் 2797) மேற்கு சஹாரா மொராக்கோவுக்குள்ளேயே தன்னாட்சியோடு இருக்கும் என்ற மொராக்கோவின் திட்டத்தைப் பேச்சுவார்த்தைக்கு அடிப்படையாக வைக்கிறது. ஆதரவாக 11 வாக்கு. ரஷ்யா, சீனா, பாகிஸ்தான் விலகி நின்றன. அல்ஜீரியா வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. ரபாத்துக்கு இது பெரிய வெற்றிதான். ஆனால் சுயநிர்ணய உரிமை என்ற சொல் தீர்மானத்தில் அப்படியே இருக்கிறது. முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

உள்ளூர்க் காவல்துறை யார் கையில், பூ க்ரா சுரங்கத்தின் பாஸ்பேட் வருமானம் யாருக்கு, முகாம்களில் இருப்பவர்கள் எந்த ஊருக்கு, எந்தக் காகிதத்தோடு திரும்புவார்கள்? இனி வரும் பேச்சுகளில் கவனிக்கவேண்டியவை இவை. இன்னொன்றும் உண்டு. தன்னாட்சிச் சட்டம் சம்பந்தப்பட்ட மக்களின் பொதுவாக்கெடுப்புக்கு விடப்படும் என்று மொராக்கோவின் 2007 திட்டமே சொல்கிறது. அதற்கும் ஒரு வாக்காளர் பட்டியல் வேண்டும். 1990களில் அந்த மேசைக்கு முன் சாட்சி சொன்ன முதிய ஷேக்குகளில் பலர் இப்போது உயிரோடு இருக்க வாய்ப்பில்லை.