கசிவின் கணக்கு – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கும், அதாவது அயனியாக்கும் கதிர்களைக் கசியவிடும் விண்மீன் திரள்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை இருமுறை வாசித்தேன். அந்தக் கதிர்களை ஹைட்ரஜன் வாயு விழுங்கிவிடும் என்கிறீர்கள். பிறகு, ஒரு திரளிலிருந்து 8 சதவீதமும் இன்னொன்றிலிருந்து 72 சதவீதமும் வெளியேறுகின்றன என்கிறீர்கள். உள்ளே மொத்தம் எவ்வளவு உண்டானது என்பதை யார் பார்த்தார்கள்? பார்க்காத ஒன்றில் சதவீதம் எப்படி வந்தது? நேரடியாக அளக்கவே முடியாத தொல்பழந்திரள்களுக்கும் இந்தக் கணக்கைப் பொருத்துவது நியாயமா?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

கட்டுரையில் நான் சொல்லாமல் விட்ட இடத்தையே சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். மொத்தத்தை யாரும் பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் வெளியேறாமல் உள்ளே சிக்கிய பங்கு தடயமின்றி அழிந்துவிடுவதில்லை. முழுக் கணக்கும் அந்தத் தடயத்தின் மேல்தான் நிற்கிறது.

ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அதாவது, அலைநீளம் 91.2 நானோமீட்டரோ அதற்குக் குறைவோ ஆன புறஊதா ஒளி வேண்டும். பிறந்து சில பத்து லட்சம் ஆண்டுகளே ஆன, மிகுந்த எடையும் வெப்பமும் கொண்ட விண்மீன்களே திரள்களில் இவ்வொளியைப் பெருமளவில் உமிழ்பவை. இதன் ஒரு துகளை விழுங்கி அணு பிரிந்த பிறகு, எலக்ட்ரான் மீண்டும் ஏதேனும் ஒரு புரோட்டானோடு சேர்ந்து, ஆற்றல் நிலைகளில் படிப்படியாக இறங்குகிறது. ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது மறுசேர்க்கைகளுக்கு ஒருமுறை, அந்த இறக்கத்தில் 486 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலப்பச்சை ஒளித்துகள் ஒன்று வெளிப்படுகிறது. எச்-பீட்டா கோடு என்று வானியலாளர்கள் சொல்வது இதைத்தான். இது புறஊதா அல்ல, கண்ணுக்குப் புலனாகும் ஒளி என்பதால், நடுநிலை ஹைட்ரஜன், அதாவது எலக்ட்ரானை இழக்காத ஹைட்ரஜன், இதைத் தடுப்பதில்லை. ஆகவே இந்தக் கோட்டின் பிரகாசத்தை அளந்தால், வழியில் தூசு உறிஞ்சியதற்குத் திருத்தம் செய்தபின், உள்ளே எத்தனை அயனியாக்கும் துகள்கள் சிக்கின என்பது கிடைக்கிறது. 91.2 நானோமீட்டருக்குக் கீழே நேரடியாக வந்து சேர்ந்த ஒளி, தப்பியதன் அளவைத் தருகிறது. சிக்கியதும் தப்பியதும் சேர்ந்ததே மொத்தம்; நீங்கள் கேட்ட சதவீதம் அதில்தான்.

அந்த 8 சதவீதம் கிடைத்த விதத்தையும் சொல்கிறேன். தன்னார்வலர்கள் வானப் படங்களில் கண்டெடுத்து 2009இல் ஆய்விதழில் அறிவிக்கப்பட்ட, பச்சைப் பட்டாணிகள் என்று பெயர் பெற்ற சிறு திரள்களின் வகையைச் சேர்ந்தது ஜே0925+1403. வானியலாளர் இசோட்டோவ் தலைமையிலான குழு ஹபிள் தொலைநோக்கியால் அதை அளந்து 2016இல் முடிவை வெளியிட்டது. ஹபிளின் ஆடிப்பூச்சு ஏறத்தாழ 115 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை மிகக் குறைவாகவே பிரதிபலிக்கும். பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் விகிதமான செம்பெயர்ச்சி இந்தத் திரளுக்கு 0.301 ஆதலால், அங்கே 91.2இல் உள்ள எல்லை இங்கே சுமார் 119 நானோமீட்டராக நீண்டு, கருவியின் எட்டுகைக்குள் வந்து நின்றது. இன்னும் அருகிலிருந்தால் ஹபிளுக்கு அந்த ஒளி எட்டியிருக்காது. 72 சதவீதத்தைத் தந்த ஜே1243+4646 திரளை இதே குழு 2018இல் அறிவித்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எச்-பீட்டா எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. தப்பிய ஒளியையோ நம்மை நோக்கிய ஒரே திசையில் மட்டும் அளக்கிறோம். கசிவு வாயுவின் ஓட்டைகள் வழியாக நடக்குமானால், ஓட்டை நம் பக்கம் திறந்திருக்கும் திரள் தாராளமாகக் கசிவதாகத் தோன்றும். அதே அளவு கசியும் வேறொன்று முற்றிலும் மூடியதாகத் தோன்றும். கசியும் திரள், கசியாத் திரள் என்று இரண்டு இனங்களாகப் பேசும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான்.

ஓட்டைகள் உண்டு என்பதற்குச் சான்று, ஹைட்ரஜன் உமிழும் இன்னொரு கோடான லைமன் ஆல்ஃபாவின் வடிவில் இருக்கிறது. 121.6 நானோமீட்டரில் உள்ள இந்தப் புறஊதாக் கோட்டை நடுநிலை ஹைட்ரஜன், அயனியாக்கும் ஒளியைத் தடுப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு வலுவாகச் சிதறடிக்கிறது. அதனால் லைமன் ஆல்ஃபா துகள் எண்ணற்ற முறை அணுக்களில் மோதித் திரும்பி, அலைநீளம் சற்றே விலகிய பிறகுதான் வெளியே வருகிறது. கோட்டின் நடுவில் பள்ளமும் இரு புறமும் இரு முகடுகளும் தோன்றுவது இதன் விளைவு. வாயு மெலியும்போது முகடுகள் நெருங்குகின்றன. அலைநீள விலகலை வேகமாக மாற்றிச் சொல்வது வழக்கம்; அப்படி ஜே0925இல் அவற்றின் இடைவெளி நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர். 72 சதவீதம் கசியும் திரளிலோ 200க்கும் குறைவு. வழியிலுள்ள பெருநிறையின் ஈர்ப்பு வில்லைபோல் ஒளியை வளைப்பதால் பெரிதாகத் தெரியும் சன்பர்ஸ்ட் வில் என்ற திரளில் இன்னும் ஒரு படி மேலே, பள்ளம் இருக்க வேண்டிய நட்டநடுவில் மூன்றாவது முகடு எழுந்து நிற்கிறது. ஓர் அணுவிலும் மோதாமல் நேராக வந்த ஒளி அது. 2019இல் வெளியான அளவீட்டில், வில்லையால் பன்னிரண்டு பிம்பங்களாகத் தெரியும் ஒரே இளம் விண்மீன் கொத்திலிருந்து அயனியாக்கும் ஒளியும் வந்தது. திரள் முழுவதும் கசியவில்லை. அந்த ஒரு கொத்தின் வழியே கசிந்தது.

தொல்பழந்திரள்களைப் பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பெருவெடிப்புக்குப் பின் முதல் நூறு கோடி ஆண்டுகளில் திரள்களுக்கிடையே இருந்த நடுநிலை ஹைட்ரஜனே அக்கதிர்களை விழுங்கிவிட்டதால், அக்காலத் திரள்களின் கசிவை நேரடியாக அளக்க வழியில்லை. லைமன் ஆல்ஃபாவும் அங்கே சிதைந்தே வருகிறது. எஞ்சியிருப்பவை தொடர் புறஊதா ஒளி குறுகிய அலைநீளப் பக்கம் எவ்வளவு கூடுகிறது என்னும் நீலச்சாய்வு, ஆக்சிஜன் கோடுகளின் விகிதம் போன்ற மறைமுக அடையாளங்கள். இவற்றை அருகிலுள்ள திரள்களில் சோதிப்பதற்காக ஹபிளால் புதிதாக 66 திரள்களை ஆராய்ந்து 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அயனியாக்கும் ஒளி தென்பட்டது 35இல். அடையாளங்கள் கசிவோடு தொடர்புடையவை என்பது உறுதியானது. ஆனால் ஒரே அளவு அடையாளம் காட்டும் திரள்களுக்கிடையே கசிவு வெகுவாக மாறுபட்டது. அதில் ஒரு பகுதி நான் சொன்ன திசையின் விளைவாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

ஆகவே தொல்பழந்திரள் ஒன்றைச் சுட்டி, இது இத்தனை சதவீதம் கசிகிறது என்று சொல்வது நியாயமல்ல. உங்கள் ஐயத்தை அந்த அளவில் முழுதாக ஏற்கிறேன். ஆயிரக்கணக்கான திரள்களின் சராசரியைச் சொல்வது வேறு. எத்தனையோ திசைகளில் திறந்த ஓட்டைகள் சராசரியில் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். பிரபஞ்சத்தின் ஹைட்ரஜனை மீண்டும் அயனியாக்கியது எது என்ற கேள்விக்கும் அந்தச் சராசரிதான் வேண்டியது.

அன்புடன்,
ஆசிரியர்